சிப்பாய் சுமக்கும் ஹவில்தார் பொறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராணுவத்தில் நிலவும் ஆள் பற்றாக்குறையைப் பற்றி அவ்வப்போது செய்திகள் வருகின்றன. எத்தனை இடங்கள் காலியாக உள்ளன, அவை எப்போது நிரப்பப்படும் என்பதோடு அந்தச் செய்திகள் முடிந்துவிடுகின்றன. அந்தக் காலியிடத்துக்குரிய வேலையை இன்றைக்கு யார் செய்துகொண்டிருக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. காலாட்படையில் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதற்கு எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்ல விரும்புகிறேன். ஹவில்தார் இடத்தில் நாயக்கும், நாயக் இடத்தில் லான்ஸ் நாயக்கும், சில நேரங்களில் சட்டைக் கையில் ஒரு பட்டைகூட இல்லாத சிப்பாயும் அந்த வேலையைச் செய்கிறார்கள். (சிப்பாய்க்கு மேலே லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்பதே பதவி வரிசை.)

காகிதத்தில், காலாட்படையின் மிகச் சிறிய அணியான செக்‌ஷன் என்றால் ஏறத்தாழ பத்துப் பேர்; பொதுவாக அதன் தலைவர் ஹவில்தார். நடைமுறையில் அந்தப் பத்துப் பேரும் ஒருசேர இருக்கும் நாள் அரிது. ஹவில்தார் விடுப்பில் போயிருப்பார், நாயக் பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சிக்குச் சென்றிருப்பார், ஒருவருக்கு மருத்துவத் தகுதி குறைந்து இலகுவான பணி தரப்பட்டிருக்கும், ஓய்வை நெருங்கிய இன்னொருவர் ஓய்வுக்குப் பிந்தைய வேலைக்கான பயிற்சியில் இருப்பார். எஞ்சியிருப்பவர்களில் சீனியர் யாரோ அவரைக் கூப்பிட்டு, "இனி நீ பார்த்துக்கொள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு என்று தொடங்கும் அந்த ஏற்பாடு பல மாதங்களுக்கு நீள்வதை நான் கண்டிருக்கிறேன்.

இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவனுக்கு இது எதைக் கொண்டுவருகிறது என்பதை வெளியில் இருப்பவர்கள் அறிய வேண்டும். மாலையில் ஆயுத அறையில் துப்பாக்கிகளின் எண்களை ஒவ்வொன்றாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டியவன் அவன். ஒரு தோட்டா குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவனும் அவனே. இதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். இதைவிடக் கடினமானது இரவுக் காவலுக்கு ஆள் போடுவது. இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலான காவலை எவரும் விரும்புவதில்லை. நேற்றுவரை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழனுக்கு அதைக் கொடுத்தால் நட்பு கசக்கிறது. கொடுக்காமல் விட்டால் மற்றவர்கள் அத்தனை பேரும் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிப்பாய், யாரிடமும் மனத்தாங்கல் வேண்டாமென்று அந்தக் காவலைத் தொடர்ந்து தானே ஏற்றுக்கொண்டார். பகலெல்லாம் செக்‌ஷன் வேலை, பின்னிரவில் காவல் என்று சில வாரங்கள் போன பிறகு, அணிவகுப்பில் நின்றபடியே கண் அயர்ந்தார். பொறுப்பற்றவர் என்ற கண்டிப்புதான் அவருக்குக் கிடைத்தது. தலைமை தாங்குவது எப்படி என்று அவருக்கு அதற்கு முன் ஒரு மணி நேரம்கூட எவரும் கற்றுக்கொடுத்ததில்லை.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிய மறுப்பதைக் குற்றம் என்கிறது. மேலதிகாரி என்ற வரையறைக்குள் நாயக், ஹவில்தார் போன்றவர்களும் வருகிறார்கள். அந்தப் பதவியைத் தற்காலிகமாக, அதாவது ஆக்டிங் நிலையில், வகிப்பவரையும் சட்டம் அதே வகையில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எந்தத் தற்காலிகப் பதவியும் தரப்படாமல், வாய்மொழியாக மட்டும் பொறுப்பேற்ற சிப்பாய் இந்த வரையறைக்குள் எங்கே நிற்கிறார்? "நீயும் சிப்பாய், நானும் சிப்பாய்" என்று ஒருவன் எதிர்த்து நின்றால், அவர் கையில் இருப்பது சக வீரர்களின் நல்லெண்ணம் மட்டுமே. அமைதிக் காலத்தில் முகாமுக்குள் அது போதுமானதாக இருக்கலாம். குண்டு பாயும் இடத்தில் ஒருவனை முன்னே போகச் சொல்வதற்கு அது போதாது.

இளையவர்களுக்குப் பொறுப்பே தரக் கூடாது என்பது என் வாதமன்று. பெரிய பொறுப்பை அவர்கள் தாங்குவார்கள் என்பதற்கு நம் படை வரலாறே சான்று. 1948 அக்டோபர் 13 அன்று காஷ்மீரின் தித்வால் பகுதியில் உள்ள ரிச்மார் கலியில் முன்னணிக் காவல் நிலை ஒன்றைத் தலைமையேற்றுக் காத்தவர் லான்ஸ் நாயக் கரம் சிங். செக்‌ஷனுக்கு நாயக் தலைமை தாங்கிய அந்தக் காலத்தில், அதற்கும் ஒரு படி கீழிருந்த அவர், அலை அலையாக வந்த தாக்குதல்களைக் காயங்களோடு முறியடித்துப் பரம் வீர் சக்கரம் பெற்றார். வெளிநாட்டிலும் எடுத்துக்காட்டு உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கையால் ஒரு லட்சம் பேருக்குள் சுருக்கப்பட்ட ஜெர்மானியப் படை, ஒவ்வொரு வீரனையும் அவன் வகிக்கும் பதவிக்கு மேலான பதவிக்கும் சேர்த்தே பயிற்றுவித்தது. பிற்காலத்தில் அந்தப் படை வெகு வேகமாக விரிவடைய முடிந்ததற்கு அது முக்கியக் காரணம். அந்த அரசு பின்னர் எதற்கு அந்தப் படையைப் பயன்படுத்தியது என்பது வேறு, வேதனையான கதை. பொறுப்புக்கு முன்னால் பயிற்சி வந்தது என்பதை மட்டுமே நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

வியட்நாம் போரின்போது அமெரிக்கத் தரைப்படைக்கு அனுபவமுள்ள சார்ஜன்ட்கள், அதாவது நம் ஹவில்தாருக்கு இணையானவர்கள், போதவில்லை. 1967-இல் ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாமில் தனிப் பயிற்சி வகுப்பைத் தொடங்கி, படையில் சேர்ந்து ஓராண்டுகூட முடியாத இளைஞர்களைச் சில மாதங்களில் சார்ஜன்ட்களாக உருவாக்கினார்கள். பழைய சார்ஜன்ட்கள் அவர்களை ஏளனமாகப் பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் தலைமை ஏற்றவனுக்கு அதற்குரிய பயிற்சியும் பட்டையும் தரப்பட்டன. அதே படை, ஸ்பெஷலிஸ்ட் நிலையில் இருந்து தலைமைப் பயிற்சியை முடித்துப் பதவி உயர்வுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களை, 2021 ஜூலை 1 முதல் கார்ப்பொரல்களாக நியமிக்கத் தொடங்கியது. இரண்டுக்கும் ஊதியம் ஒன்றே. ஆனால் கார்ப்பொரல் என்பது ஆணையிடும் தகுதியுள்ள பதவி. செலவே இல்லாமல் செய்யக்கூடியது இது.

பொறுப்பைத் தந்துவிட்டு மேலே இருப்பவர்கள் விலகிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கும் அந்தப் படையிலேயே பாடம் இருக்கிறது. 2003-இல் இராக்கின் அபு கிரைப் சிறையில் கைதிகள் வதைக்கப்பட்டதை உலகம் அறியும். மறு ஆண்டு மேஜர் ஜெனரல் அன்டோனியோ டகுபா அளித்த விசாரணை அறிக்கை, அங்கே பணியில் இருந்தவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லாததையும் மேற்பார்வை சீர்குலைந்திருந்ததையும் வெளிப்படையாகக் கூறியது. வதைத்தவர்கள் தண்டனைக்கு உரியவர்களே, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் அந்த வதைக்காகச் சிறை சென்றவர்களில் ஸ்டாஃப் சார்ஜன்ட் பதவிக்கு மேற்பட்டவர் ஒருவரும் இல்லை. ஒரு கார்ப்பொரலின் முடிவு ஒரு நாட்டின் நற்பெயரையே பாதிக்கும் காலம் வந்துவிட்டதாக அமெரிக்க மரைன் படையின் தளபதியாக இருந்த சார்லஸ் க்ருலாக் 1999-லேயே எழுதினார். அப்படியானால் அந்த முடிவை எடுப்பவரைத் தயார்செய்வது தளபதியின் கடமையாகிறது.

இன்றைய நிலையில் நம் நாட்டுக்கு இது அவசரமான விஷயம். கொரோனா காலத்தில் தரைப்படைக்கான ஆள்சேர்ப்பு இரண்டு ஆண்டுகள் நடைபெறவில்லை. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில், நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் நான்கில் ஒருவரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார். இன்றைக்குச் சேராத சிப்பாய்தான் சில ஆண்டுகள் கழித்து இல்லாமல் போகும் நாயக். சேர்ப்பு நின்ற அந்த இரண்டு ஆண்டுகளின் இடைவெளி படிப்படியாக மேலேறி, செக்‌ஷன் தலைவர் இடத்தை எட்டும்போது, அதை நிரப்ப அழைக்கப்படப் போகிறவர்கள் இன்னும் இளையவர்களாகவும் அனுபவம் குறைந்தவர்களாகவும் இருப்பார்கள். அக்னிபத் நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. எந்தத் திட்டமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மேல் பதவிக்குரிய வேலையை ஒரு வீரர் முப்பது நாளுக்கு மேல் பார்க்க வேண்டியிருந்தால், அந்தப் பொறுப்பு, வீரர்களின் பணி விவரங்கள் பதிவாகும் ஆணையான பார்ட்-டூ ஆர்டரில் ஏற வேண்டும். அதில் ஏறாத எதுவும் ஒரு வீரனின் பணி வரலாற்றில் இல்லாததற்குச் சமம். பதவி உயர்வுக்கு அவர் பெயர் வரும்போது, அந்த மாதங்களை அவர் எப்படி நடத்தினார் என்பது எடைபோடப்பட வேண்டும். கேடர் பயிற்சிக்கு அவர் முறை வரும்வரை காத்திராமல், பட்டாலியனுக்குள்ளேயே ஒரு வாரமாவது அனுபவமுள்ள ஹவில்தார் ஒருவரின் பக்கத்தில் நின்று அவர் வேலை பழக வேண்டும். அவரை வழிநடத்தும் கடமை எந்த ஜேசிஓ-வுக்கு, அதாவது ஹவில்தாருக்கு மேலுள்ள எந்த இளநிலை அதிகாரிக்கு, உரியது என்பதும் அந்த ஆர்டரிலேயே பெயரோடு இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் சிப்பாய் மட்டும் தனியே நிற்கும் நிலை அப்போதுதான் மாறும்.

எல்லோருக்கும் இப்படி எழுத்தில் கொடுக்கத் தொடங்கினால் ஊதியக் கோரிக்கைகள் பெருகும் என்று கணக்குப் பிரிவினர் சொல்லக்கூடும். செய்த வேலைக்குக் கூலி கேட்பதில் தவறொன்றும் இல்லை என்பதே என் பதில். பிரித்தானியப் படையில் ஊதியமில்லாத லான்ஸ் கார்ப்பொரல் என்றே ஒரு நிலை நெடுங்காலம் இருந்தது. அந்த வழக்கத்தை நாம் கட்டிக்காக்க வேண்டிய அவசியம் இல்லை. ஊதிய வேறுபாட்டுக்கு அரசின் நிதி ஒப்புதல் கிடைக்கக் காலம் ஆகலாம். தற்காலிகப் பதவிக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருப்பதால், பட்டையை அதுவரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்