600 ரூபா உதவித்தொகையில யாரு சோம்பேறி ஆக முடியும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர், படிச்சவங்களுக்கு வேலையில்லாதோர் உதவித்தொகைன்னு மாசாமாசம் காசு குடுத்து அரசாங்கமே சோம்பேறி ஆக்குது, அத நிறுத்திட்டு அந்தப் பணத்துல ரோடு போடலாம்னு எழுதியிருந்தாரு. அந்தக் காச வாங்குற ஆள்ல நானும் ஒருத்தி, அதான் பதில் எழுதுறேன். எங்க ஊரு தேனி மாவட்டம் கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுனா குமுளி, கேரளா. பி.ஏ. வரலாறு படிச்சிருக்கேன். அந்தக் கடிதத்த படிச்சிட்டு எனக்கு கோவம் வந்துச்சு, மறைக்கல, ஆனா எழுதுனவருக்கு அந்தத் தொகை எவ்வளவுன்னே தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன், தெரிஞ்சிருந்தா அப்படி எழுத மனசு வந்திருக்காது.

பத்தாவது ஃபெயிலானவங்களுக்கு மாசம் 200, பாஸ் பண்ணுனா 300, பன்னெண்டாவதுக்கு 400, டிகிரிக்கு 600. இவ்வளவுதாங்க. அதையும் மாசாமாசம் தர்றதில்ல, மூணு மாசத்துக்கு ஒருக்கா சேத்து பேங்க்ல ஏறும், எனக்கு 1,800. மூணு வருஷம் முடிஞ்சா அத்தோட சரி. மூணு வருஷத்துக்கும் கூட்டிப் பாத்தா 21,600 ரூபா, நாள் கணக்குக்கு பிரிச்சா 20 ரூபா, கம்பம் பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயும் ஒரு வடையும் சாப்புட்டா முடிஞ்சிரும். இன்னைக்கு கேஸ் சிலிண்டர் 850-க்கு மேல, என் ஒரு மாசத் தொகையில ஒரு சிலிண்டர் கூட வாங்க முடியாது. இந்தக் காசுல உக்காந்து சாப்புடுறாங்கன்னு எந்தக் கணக்குல எழுதுனாருன்னு அவருதான் சொல்லணும்.

அத வாங்குறதுக்கும் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சு 5 வருஷம் காத்திருக்கணும், நடுவுல மூணு வருஷத்துக்கு ஒருக்கா ரினிவல் பண்ணணும். 40 வயசு தாண்டக் கூடாது, எஸ்.சி., எஸ்.டி.க்கு 45. இன்ஜினியரிங், டாக்டர், விவசாயம் மாதிரி தொழில் படிப்பு படிச்சவங்களுக்கு கெடையாது. வேற எங்கயும் வேலை பாக்கக் கூடாது, சொந்தத் தொழிலும் செய்யக் கூடாது, வருஷா வருஷம் எனக்கு வேலை இல்லன்னு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டு குடுக்கணும், குடுக்கலன்னா பணம் நின்னுரும். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் தொகை கூட, 10 வருஷம் வரைக்கும் கெடைக்கும், பதிஞ்சு ஒரு வருஷம் ஆயிருந்தா போதும், அது நல்ல விஷயம்.

எல்லாத்தையும் விட பெரிய முட்டுக்கட்டை வருமான வரம்புதான். குடும்பம் மொத்தத்துக்கும் வருஷத்துக்கு 72,000-க்கு மேல வரக் கூடாதாம். அதாவது மாசம் 6,000. எங்க ஊர்ல வெள்ளன ஜீப்புக்கு நிக்கிற எந்தப் பொம்பளையக் கேட்டாலும் இந்தக் கணக்க சொல்லிருவாக. கம்பம்மெட்டு வழியாவும் குமுளி வழியாவும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு காய் எடுக்கப் போறாக, விடிய முன்னாடி சோத்துத் தூக்க எடுத்துக்கிட்டு கெளம்புனா பொழுது சாய்ஞ்சுதான் வீடு. நாள் கூலி 400-ன்னு வச்சுக்கிட்டாலே 180 நாள்ல 72,000 வந்துருது. வீட்டுல ஒரே ஒரு ஆளு வருஷத்துல பாதி நாள் கூலிக்குப் போனா போதும், அந்த வீட்டுப் புள்ளைக்கு 600 ரூபா கெடைக்காது. அப்ப யாருக்குத்தான் இந்தத் திட்டம்? வீட்டுல ஒருத்தர் கூட ஒழுங்கா வேலைக்கு போக முடியாத குடும்பத்துக்கு மட்டும்தான். எங்க வீடு அப்படித்தான் இருக்கு. அப்பாவுக்கு பக்கவாதம் வந்து கை கால் ஒரு பக்கம் வராது, அம்மாவுக்கு மூட்டு வலி, காய் சீசன்ல முடிஞ்ச அன்னைக்கு மட்டும் மலைக்கு போவாக. இதே அரசாங்கம் 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம் வச்சிருக்கு. அதுக்கு 2.5 லட்சம் வரைக்கும் ஏழைன்னா இதுக்கு மட்டும் ஏன் 72,000-ல நிக்குது, இந்தக் கேள்விய அந்த வாசகர் கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"ஏன் நீயும் ஏலத்தோட்டத்துக்கு போக வேண்டியதுதானே"ன்னு கேக்காத ஆள் எங்க தெருவுல இல்ல. குழாயடியில கேக்குறாக, ரேஷன் கடை வரிசையில கேக்குறாக, கல்யாண வீட்டுல பந்தியில பக்கத்துல உக்காந்து எலையப் பாத்துக்கிட்டே கேக்குறாக. மலை வேலைய நான் ஒருநாளும் கேவலமா பாத்தது இல்ல, அந்தக் கூலியிலதான் எங்கம்மா என்னைய டிகிரி வரைக்கும் படிக்க வச்சுச்சு. ஆனா நான் விடிய முன்னாடி ஜீப் ஏறிட்டா அப்பாவ யாரு எழுப்பி உக்கார வைக்கிறது, யாரு பாத்ரூமுக்கு கூட்டிட்டுப் போறது? காலையில பத்து மணிக்கு மேல போயி சாயந்தரம் அஞ்சுக்குள்ள திரும்புற மாதிரி ஒரு வேலை உள்ளூர்ல கெடைச்சா இன்னைக்கே போவேன், ஜவுளிக் கடை, மெடிக்கல் ஷாப், ஸ்கூல்னு கேக்காத எடம் இல்ல. முன்னாடி ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சரா இருந்தேன், கொரோனாவுல ஸ்கூல மூடுனப்ப நிறுத்துனவங்க பெறகு கூப்புடவே இல்ல. கடைகள்ல காலையில ஒம்பதுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் நிக்கணும்ங்கிறாக, உக்கார விடுறதில்ல.

இன்னொரு புத்தி சொல்றது, நூறு நாள் வேலைக்குப் போங்கிறது. அது கிராமப் பஞ்சாயத்துக்குதாங்க, கூடலூர் நகராட்சி, எங்களுக்கு கெடையாது. கேரளாவுல டவுன்ல இருக்கவங்களுக்கும் அய்யன்காளி பேர்ல நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் ஒண்ணு ரொம்ப வருஷமா நடக்குது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறது எங்க ஊர்ல இல்ல.

அப்புறம் கவர்மெண்ட் வேலைக்கு பரீட்சை எழுதலயான்னு கேப்பாக. எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். 2024-ல குரூப் 4-க்கு மொதல்ல அறிவிச்சது 6,244 எடம், அப்ளை பண்ணுனவங்க 20 லட்சத்துக்கு மேல. 2025-ல 3,935 எடத்துக்கு கிட்டத்தட்ட 14 லட்சம் பேரு. இதுல பாஸாகாதவங்க எல்லாரும் படிக்காம ஊர் சுத்துனவங்களா, சொல்லுங்க.

போன வருஷம் உறுதிமொழி ஃபார்ம்ல கையெழுத்து வாங்க ஒரு ஆபீஸுக்குப் போனேன், எந்த ஆபீஸுன்னு வேண்டாம். வெயில்ல நின்னு உள்ள போனா அங்க இருந்தவரு ஃபார்மக் கூடப் பாக்கல, என் கையில இருந்த போனப் பாத்தாரு. "வருமானம் இல்லங்கிறீங்க, இதுக்கு ரீசார்ஜ் யாரு பண்றா?"ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டாரு. பின்னாடி நின்ன ஒரு அண்ணன் சிரிச்சாரு. அது எங்க மாமா பழைய போனு, கண்ணாடி மூலையில விரிசல் விட்டு டேப் ஒட்டி வச்சிருக்கேன். அந்தப் போன் இல்லாட்டி அவுக ஆபீஸ்ல எனக்கு ஒரு வேலையும் நடக்காதே. ஆதாருக்கு ஓ.டி.பி., பேங்குக்கு ஓ.டி.பி., வருமானச் சான்று இ-சேவையில போட்டா ஓ.டி.பி., டி.என்.பி.எஸ்.சி.ல பதியுறதுக்கு ஓ.டி.பி., எல்லாம் போனுக்குத்தான் வருது. 28 நாளைக்கு 200 ரூபா கிட்ட ரீசார்ஜுக்கே போகுது, 600-ல மூணுல ஒரு பங்கு. அன்னைக்கு இதெல்லாம் வாயில வரல, ஃபார்ம வாங்கிட்டு பேசாம வந்துட்டேன், ராத்திரி பூரா அந்தச் சிரிப்புதான் காதுல கேட்டுச்சு. பசி கூட பழகிருதுங்க, இது பழக மாட்டேங்குது.

எங்க தெருவுலயே ஒரு அண்ணன் ஸ்பின்னிங் மில்லுல இருந்தாரு, ஆள்குறைப்புல வேலை போச்சு. அவரு இ.எஸ்.ஐ.ல, அதான் தொழிலாளர் காப்பீட்டுல, பதிஞ்சிருந்ததால அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனான்னு 2018-ல வந்த திட்டத்துல பாதிச் சம்பளம் 90 நாளைக்கு குடுத்தாங்க. ஆயுசுக்கு ஒரு தடவைதான் அது. அவர யாரும் சோம்பேறின்னு சொல்லல, சொல்லவும் கூடாது, அவரு சம்பளத்துல பிடிச்ச காசு. ஆனா நான் பாத்த ஸ்கூல்ல இ.எஸ்.ஐ.யும் கெடையாது பி.எஃப்.பும் கெடையாது, கையில கவர்ல சம்பளம். இ.எஸ்.ஐ. இல்லாத எடத்துல வேலை பாத்தது என் தப்பு மாதிரி ஜனங்க பேசுறாக.

பார்டர்ல இருக்கவங்களுக்கு இன்னொரு கொடுமை இருக்கு, அத யாரும் எழுதுறதே இல்ல. எங்க சித்தி குடும்பம் கேரளாவுல வண்டிப்பெரியார் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்துல, அதான் தொழிலாளிகளுக்கு எஸ்டேட்டு குடுக்குற வரிசை வீட்டுல, இருந்தாக. 2000-க்குப் பெறகு பீர்மேடு பக்கம் வரிசையா எஸ்டேட்டுகள மூடுனாகல்ல, அதுல அவுக எஸ்டேட்டும் ஒண்ணு. கொழுந்து எடுத்த ஜனங்க எல்லாம் சம்பளப் பாக்கி, கிராஜுவிட்டி எதுவும் கைக்கு வராம லயத்துலயே கெடந்தாக, ஓணத்துக்கு அரசாங்கம் அரிசியும் கொஞ்சம் பணமும் குடுக்கும், மத்த நாளெல்லாம் அவுக பாடு. சித்தி மக அங்கயே தமிழ் மீடியத்துல பத்தாவது வரைக்கும் படிச்சுச்சு. கேரளா கணக்குல தொழில்ரஹித வேதனம்னு வேலையில்லாதவங்களுக்கு பஞ்சாயத்து மூலமா குடுக்குறாகல்ல, அது வாங்குனப்ப மாசம் 120 ரூபாதான். 1982-ல இருந்து இருக்குற திட்டம், அதுக்கு குடும்ப வருமானம் வருஷத்துக்கே 12,000 தாண்டக் கூடாது. மாசம் ஆயிரம் ரூபாயில எந்தக் குடும்பம் இன்னைக்கு உசுரோட இருக்கும்? இப்ப அவுக எல்லாம் எங்க ஊருக்கே வந்துட்டாக. இங்க உதவித்தொகை கேட்டுப் போனா, தமிழ்நாட்டுல படிச்சிருக்கணும், இங்கயே 15 வருஷம் குடியிருந்திருக்கணும்னு விதி. தமிழ்ப் புள்ளதான், தமிழ்லதான் படிச்சிருக்கு, ரெண்டு கவர்மெண்டுக்கும் அது கணக்குல வரல. மலையோட இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை பாத்த குடும்பங்க தேனி, தென்காசின்னு பார்டர் பூரா ஆயிரக்கணக்குல இருக்கு, இந்த ஒரு விதிய மட்டும் தளர்த்துனாலே எத்தனையோ புள்ளைகளுக்கு ஒரு புடிமானம் கெடைக்கும்.

ஆந்திராவுல வேலையில்லாதவங்களுக்கு 2018-ல மாசம் 1,000 குடுக்க ஆரம்பிச்சு, 2019-ல ஆட்சி மாறுனதும் நின்னு போச்சு. பெறகு 2024 எலெக்ஷன்ல 3,000 தர்றோம்னு வாக்குறுதி குடுத்தாக. எந்த ஊர்லயும் இது எலெக்ஷன் நேரத்துப் பேச்சாவே இருக்கு, வாங்குறவங்க கிட்ட யாரும் எதுவும் கேக்குறதில்ல.

நான் கேக்குறது இதுதான். நான் காலேஜ் படிக்கும்போதே டிகிரிக்கு 600-ன்னுதான் சொன்னாக, இன்னைக்கும் அதே 600. அப்ப இருந்த அரிசி வெலை என்ன, இப்ப என்ன. தொகைய ஏத்துங்க. வருமான வரம்ப மகளிர் உரிமைத் தொகைக்கு வச்ச மாதிரி 2.5 லட்சமா ஆக்குங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா போடுறத மாசாமாசம் போடுங்க, கடன்காரங்களும் கேஸ்காரரும் மூணு மாசம் பொறுக்க மாட்டாங்க. நாலு நாள் கூலி வேலை கெடைச்சா போயிட்டு வர அனுமதிங்க, இப்ப இருக்குற விதிப்படி நேர்மையா இருக்கணும்னா கெடைச்ச வேலையும் வேண்டாம்னு சொல்லணும், இல்லன்னா பொய்க் கையெழுத்து போடணும். சோம்பேறி ஆக்குறது எதுன்னு அந்த வாசகர் தேடுனா இந்த விதியத்தான் பாக்கணும்.

உங்க பேப்பர் எங்க பக்கம் நெறைய பேரு படிக்கிறாக, அதனால இதையும் சேத்துப் போடுங்க. பதிஞ்சு 5 வருஷம் ஆகி, அடுத்தவங்க பேச்சுக்கு பயந்து இன்னும் விண்ணப்பமே குடுக்காதவங்க எங்க தெருவுலயே இருக்காக. டி.சி., மார்க் ஷீட்டு, வேலைவாய்ப்பு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக்கு, இதெல்லாம் எடுத்துக்கிட்டு வேல நாள்ல மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனா ஃபார்ம் இலவசமா குடுப்பாங்க, வருமானத்துக்கு அந்த ஃபார்ம்லயே ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கையெழுத்து வாங்கணும். எதுக்கு அலையுறன்னு யாராச்சும் கேட்டா கேக்கட்டும், போயி வாங்கிட்டு வாங்க.

இப்படிக்கு,
வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்