எதிர்க்கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஃபோன் வெளிச்சத்தைக் குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, இடது கண்ணை நம்பி இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருவிழி கூம்பிக்கொண்டே போகும் கெரட்டோகோனஸுக்காக வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. புண் ஆறும்வரை அதன் மேல் வைத்திருந்த பேண்டேஜ் லென்ஸை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் திரும்பவும் அந்தக் கதைக்குப் போகவில்லை. அழுதால் இன்னும் எரிகிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். என் பங்கு ஜிஎஸ்டி ரிட்டர்னையும் 20ஆம் தேதிக்குள் போட்டு முடித்த ஆபீஸ் தோழிகள், படிக்க முடியாதே என்று எல்லாவற்றையும் வாய்ஸ் நோட்டாகவே அனுப்பிய கூட்டம், திண்டுக்கல்லிலிருந்து வந்து சமையலைப் பார்த்துக்கொண்ட சித்தி, ஒவ்வொரு சொட்டு மருந்துக்கும் அலாரம் வைத்து எழுந்த அம்மா. ஆபரேஷன் தியேட்டரில் அரை மணி நேரம் மஞ்சள் சொட்டு, அப்புறம் அரை மணி நேரம் நீல வெளிச்சம். “இன்னும் பத்து நிமிஷம்தாம்மா, இன்னும் அஞ்சுதான்” என்று பக்கத்திலேயே நின்று எண்ணிய நர்ஸ் அக்காவை மறக்க மாட்டேன். அந்த மஞ்சள் சொட்டு வேறொன்றுமில்லை, பி2 விட்டமின்தான். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர்கள் அதையும், நீலமாகத் தெரிந்த அந்தப் புற ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கருவிழியைக் கெட்டிப்படுத்தலாம் என்று 2003இல் எழுதினார்கள். அவர்களுக்கும் செல்லூரிலிருந்து ஒரு கும்பிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷன் அன்று சாயங்காலம் மரப்பு மருந்து விட்டுப் போனது. மிளகாய் அரைத்த கை கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்? அது நிற்காமல் இருந்தது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே பரோட்டாக்கடை. அதன் எல்இடி போர்டு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி ஓடும். அம்மா போர்வையை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டினார். கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டேன். அப்படியும் மூடிய இமைக்குள் சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. விடியும்வரை சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்துக் கிடந்தேன்.

மறுநாள் இரவு ஒன்றும் ஓடவில்லை. கரண்ட் இல்லை போல என்று நினைத்தேன். ஆனால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கொத்துச் சத்தமும் வழக்கம்போல டக்கடக்கென்று கேட்டது. அம்மாதான் எட்டிப் பார்த்துச் சொன்னார். போர்டு அணைந்திருந்தது, வாசல் டியூப்லைட்டும் அணைந்திருந்தது. கல்லுக்கு மேலே ஒரே ஒரு பல்பு. அந்த வெளிச்சமும் எங்கள் பக்கம் வராமல் யாருடைய பிறந்தநாளுக்கோ அடித்த பழைய ஃப்ளெக்ஸைத் தலைகீழாகக் கட்டியிருந்தார்.

யாரும் அவரிடம் கேட்கவில்லை. காலையில் பால் வாங்கப் போன அம்மா, “பாப்பாவுக்குக் கண்ணு எப்படிக்கா இருக்கு?” என்று அவர் கேட்டதற்கு, “வெளிச்சம் ஆகமாட்டேங்குது, ராத்திரி பூரா தூங்கலை” என்று பேச்சுவாக்கில் சொன்னதோடு சரி.

ஐந்து இரவு அப்படியே போனது. கடை லீவு என்று நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேரோ. எனக்கு அந்த நாட்களில் கடிகாரமே அந்தச் சத்தம்தான். ஏழரைக்குக் கொத்து தொடங்கும், பத்தரைக்கு மேல் இடைவெளி விழும், கடைசியில் கல்லை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவும் சத்தம் வந்தால் பன்னிரண்டு தாண்டிவிட்டது, அடுத்த சொட்டு போட வேண்டும்.

நேற்று போய் நன்றி சொன்னேன். “போர்டுல ஏதோ கோளாறும்மா, இப்பத்தான் சரியாச்சு” என்றார் என் முகத்தைப் பார்க்காமல். சப்ளை பார்க்கும் தம்பி அவருக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பார்சலில் கேட்காமலேயே இன்னொரு பை சால்னா இருந்தது.

“அப்ப இனிமே கண்ணாடி வேண்டாமா?” என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டும். இது கருவிழி மேலும் கூம்பிக்கொண்டு போகாமல் நிறுத்துவதற்கான வைத்தியம், பழைய பார்வையைத் திருப்பித் தருவதற்கு இல்லை. இப்போதைக்குப் புகைமூட்டமாகத்தான் தெரியும், தெளியச் சில மாதம் ஆகும் என்றார் டாக்டர். சின்ன வயதிலிருந்தே கண்ணைக் கசக்கும் பழக்கம் எனக்கு. அம்மா கையைத் தட்டிவிட்டபோதெல்லாம் கேட்டதில்லை. இனிமேல் எவ்வளவு அரித்தாலும் கசக்க மாட்டேன். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், என் கை கண் பக்கம் போவதைப் பார்த்தால் தட்டிவிடுங்கள்.

போர்டு மறுபடியும் ஓடுகிறது. கருவிழியின் வளைவை அளக்கும் அடுத்த டோபோகிராபி ஸ்கேன் வரை அதுதான் என் கண் டெஸ்ட் சார்ட். தினம் ஏழரைக்கு ஜன்னலில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். இன்றைக்கு ‘ப’ மட்டும் தெரிந்தது. ‘ரோ’வுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ‘ரோ’ நிற்கிறது.