போட்டிக்கான தரவு நம் மாவட்டத்திலிருந்து வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரவுகளைக் கணினியால் ஆராய்ந்து எதிர்வுகூறும் மாணவர் தரவு விஞ்ஞானப் போட்டியொன்றைப் பல்கலைக்கழகம் ஒன்று அண்மையில் நடத்தியது. அதில், என்னிடம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயின்ற மாணவி ஒருவரும் அவருடைய தோழியர் இருவரும் பங்குபற்றினர். இரண்டு நாள் உறக்கமின்றி உழைத்துவிட்டு வந்த அந்தப் பிள்ளையிடம், என்ன கணக்குத் தந்தார்கள் என்று கேட்டேன். அமெரிக்க நகரமொன்றின் வீட்டு விலைகளை எதிர்வுகூற வேண்டியிருந்ததாம். வீட்டின் நிலக்கீழ் அறையின் பரப்பு என்றிருந்த நிரலை என்ன செய்வதென்று மூவருக்கும் விளங்கவில்லை என்றும், அப்படியோர் அறையை அவர்கள் கண்டதேயில்லை என்றும் அவர் சொன்னது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

போட்டியை நடத்தியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன்; நம் பிள்ளைகளுக்கு இத்தகைய களங்கள் மிகவும் தேவை. ஆனால், 1936 இல் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர் தம் கட்டுரையில் எடுத்தாண்ட 150 ஐரிஸ் மலர்களின் அளவுகளும், டைட்டானிக் பயணிகளைப் பற்றிய 891 நிரைகளும் பாடம் பழகுவதற்கு உரியவை. அவற்றுக்கும் அந்த வீட்டு விலைகளுக்கும் ஆயிரம் தீர்வுகள் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் போட்டிக்கு வைத்தால், சிந்தித்தவரையும் தேடி எடுத்தவரையும் பிரித்தறிய நடுவர்களுக்கு வழியில்லை.

நம் மண்ணிலேயே கடினமான கணக்குகள் இருக்கின்றன. டெங்குவை எடுத்துக்கொள்வோம். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராந்த அறிக்கையில் நோயாளர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. நாட்டில் மாவட்டங்கள் 25; அந்த அறிக்கையிலோ 26 பிரிவுகள், ஏனெனில் சுகாதார நிருவாகத்தில் கல்முனை தனிப் பிரிவு. தொகைமதிப்பின் சனத்தொகையோ அம்பாறை மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே தரப்படுகிறது. இதை அறியாமல் ஒன்றை மற்றொன்றால் வகுக்கும் மாணவருக்கு அம்பாறையின் நோய்வீதம் பொய்யாகக் குறைந்து தெரியும். கல்முனையை அண்டிய கரையோர ஊர்களின் நோயாளர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கொழும்பின் போக்கைப் பழகிய, எதிர்வுகூறும் கணினி மாதிரியும் (model) இங்கு செல்லாது. அங்கு தென்மேல் பருவமழையோடு ஆண்டின் நடுப்பகுதியிலும் நோய் ஏறுகிறது. மட்டக்களப்பிலோ மார்கழி, தை மாதங்களில் வடகீழ் பருவமழை கொட்டித் தேங்கிய பின்னரே நுளம்பு பெருகுகிறது. ஊர்ப்பெயர்கள் இன்னொரு சிக்கல். ஏறாவூர், காத்தான்குடி போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், கணினி ஓர் ஊரையே இரண்டு, மூன்று ஊர்களாக எண்ணிவிடும். இவற்றைக் கண்டுபிடித்துச் சீர்செய்வதில்தான் இத்துறையின் பெரும்பாலான வேலை அடங்கியிருக்கிறது.

பரீட்சிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். எல்லா வாரங்களையும் கலந்து குலுக்கி ஒரு பகுதியைச் சோதனைக்கு எடுத்தால், மாதிரி பின்வந்த வாரத்தைப் பார்த்துக்கொண்டே முந்திய வாரத்தை எதிர்வுகூறி, பொய்யான உயர் புள்ளியைப் பெற்றுவிடும். ஆகவே இறுதி ஆண்டின் வாரங்களை முழுமையாக ஒதுக்கிவைத்தே சோதிக்க வேண்டும்.

நோயாளர் விபரங்களை மாணவர் கையில் கொடுக்கலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அந்தத் தயக்கம் நியாயமானது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதையே நினைவூட்டுகிறது. பெயரும் முகவரியும் இல்லாத வாராந்த எண்ணிக்கையே இந்தக் கணக்குக்குப் போதும். சிறிய கிராம உத்தியோகத்தர் பிரிவொன்றில் ஒரேயொரு நோயாளர் இருந்தால் அவர் யாரென்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால், அந்த அளவுக்குக் கீழிறங்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இணைந்து அடுத்த போட்டியை இவ்வாறு அமைக்க முன்வர வேண்டும் என வேண்டுகிறேன். மழை தொடங்குவதற்கு முன்னர், புரட்டாதியிலேயே அதை நடத்தி, மதிப்பெண்ணில் பாதியை விளக்கத்துக்கு ஒதுக்கி, அவ்விளக்கத்தைத் தமிழில் சொல்லவும் இடமளித்து, நடுவர் மேசையில் சுகாதார வைத்திய அதிகாரி ஒருவரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரையும் அமர்த்தினால், எந்த ஊரில் முதலில் வடிகானைத் துப்புரவாக்குவது என்று அவர்கள் அந்தப் பிள்ளைகளிடமே கேட்டறியலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.