நிலப் பொருத்த வரைபடம் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழப்பயிர்களுக்கு எந்த நிலம் ஏற்றது என்று வரைபடம் போடும் புவித்தகவல் வல்லுநர்களுக்கும், அதை வைத்துக் கன்று நடத் திட்டமிடும் தோட்டக்கலை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மண், மழை, வெப்பம், சரிவு, வடிகால் என்று சிதறிக் கிடந்த தகவல்களை அடுக்கி, மாவுக்கு எது, அன்னாசிக்கு எது என்று காட்டுகிறீர்கள். இது பெரிய உதவி. அதனால்தான் இவ்வளவு அக்கறையோடு எழுதுகிறேன். காய்கறி பொய்த்தால் அடுத்த பருவத்தில் பயிரை மாற்றிக்கொள்ளலாம். மங்குஸ்தான் மரம் முதல் காய் காய்க்கவே எட்டுப் பத்து வருடம் ஆகலாம். இடம் தவறு என்று அப்போது தெரிந்து என்ன பயன்?

எனக்கு உறுத்துவது, எடை கொடுத்துக் கூட்டும் முறைதான். ஒவ்வொரு காரணிக்கும் ஓர் எடை வைத்து, மதிப்பெண்ணோடு பெருக்கிக் கூட்டுகிறீர்கள். எடைகளைத் தாமஸ் சாட்டியின் படிநிலைப் பகுப்பாய்வு முறையில், அதாவது காரணிகளை இரண்டிரண்டாக நிபுணரை ஒப்பிடச் சொல்லி எடுத்து, இசைவு விகிதம் 0.10-க்குள் வந்தால் சரி என்று மேலே போகிறீர்கள். நிபுணர் தன் ஒப்பீடுகளில் பெரிதாக முரண்படவில்லை என்பதை மட்டும்தான் அந்த விகிதம் சொல்லும். அவர் கொடுத்த எடை மண்ணுக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது.

கூட்டலில் ஒன்றின் குறையை இன்னொன்றின் நிறைவு மூடிவிடும். வேருக்கு அப்படி எந்த ஈடும் கிடையாது. ஒரு நிலத்தில் வெப்பம், மழை, சரிவு, மண்ணின் அமிலத்தன்மை எல்லாம் நன்றாக இருக்கிறது, வடிகால் மட்டும் படுமோசம் என்று வைத்துக்கொள்வோம். வடிகாலுக்கு 15 சதவீத எடைதான் என்றால் படத்தில் அது ஏற்ற நிலம் என்று பச்சையாகவே வரும். அங்கே பப்பாளி வைத்தால், வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே செத்துவிடக்கூடும். அவகாடோ வைத்தால், ஈர மண்ணில் பரவும் பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரியின் வேரழுகல் நோய் காத்திருக்கிறது. மழைக்கும் இதே கதைதான். மா நன்றாகப் பூக்க வறண்ட அல்லது குளிர்ந்த ஓர் இடைவெளி வேண்டும். வருட மழையின் மொத்த அளவில் அது தெரியாது.

எனவே பயிரைக் கொல்லும் குறை உள்ள நிலங்களை முதலில் கழித்துவிடுங்கள், எடை போடுவதெல்லாம் அப்புறம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1976-இல் வெளியிட்ட நில மதிப்பீட்டுச் சட்டகத்தில் எஸ்1 (மிகப் பொருத்தம்), எஸ்2 (நடுத்தரம்), எஸ்3 (குறைந்த பொருத்தம்) என்ற தரங்கள் மட்டும் இல்லை. எஸ்2, எஸ்3 தர நிலங்களில் எது குறை என்று காட்ட, தரத்தின் பக்கத்தில் ஓர் எழுத்தும் உண்டு. பல படங்களில் அந்த எழுத்தைக் காணவில்லை. விவசாயிக்கு முதலில் வேண்டியதே அதுதான். குறை வடிகால் என்று தெரிந்தால் மேட்டுப்பாத்தி போடுவார். மண்ணின் ஆழம் போதாது என்று தெரிந்தால் வேறு பயிருக்குப் போவார்.

இன்னொன்று, துல்லியம். சாயில்கிரிட்ஸ் என்ற உலக மண் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் 250 மீட்டர், அதாவது பரப்பு 6.25 ஹெக்டேர். அதை சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் 10 மீட்டர் கட்டங்களாக நறுக்கினால் படம் கூர்மையாகத் தெரியும், மண்ணைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியாது. மூலத்தரவின் கட்ட அளவைப் படத்திலேயே அச்சிடுங்கள்.

கடைசியாக, சரிபார்ப்பு. இன்று நன்றாகக் காய்க்கும் தோட்டங்களோடு மட்டும் படத்தை ஒப்பிட்டுத் திருப்தி அடையாதீர்கள். மரங்கள் பட்டுப்போய்க் கைவிட்ட தோட்டங்களுக்கும் போங்கள். அங்கே குழி வெட்டி மண்ணைப் பாருங்கள். உங்கள் படம் அந்த இடத்துக்கு என்ன நிறம் கொடுத்திருக்கிறது என்பதையும் அறிக்கையில் சேருங்கள்.

அன்புடன்,
பழமரங்கள் மீது அக்கறையுள்ள ஒருவர்