வளைக்காமல் பாடு

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள வசந்தா,

நான் ஊரில் இல்லாத நேரத்தில் உன் கடிதம் வந்து, பக்கத்து வீட்டு அம்மாவிடம் பத்து நாள் கிடந்திருக்கிறது. முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சரி. எந்தக் கால் என்று எழுதவே இல்லையே! இரண்டுமே மோசம் என்றுதானே போன வருஷம் அழுதாய்? இனி சம்மணம் போட்டு வீணை எடுக்கவிடமாட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க இப்போதே பழகிக்கொள். நம் பாட்டு வாத்தியார் மேலிருந்து திட்டுவார், திட்டட்டும்.

சீனா போய்வந்த கதையைப் போனில் கேட்டாய். போனில் சொன்னால் நடுவில் குக்கரை இறக்கப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்துக் கொயரில், அதாவது சேர்ந்திசைக் குழுவில், நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. முப்பத்தெட்டுப் பேர். பெரும்பாலும் சீனர்கள், நாலைந்து மலாய்க்காரர்கள், ஒரு பிலிப்பினோ தம்பதி, தமிழுக்கு நான் ஒருத்தி. நான் நிற்பது ஆல்ட்டோ வரிசையில், அதாவது பெண்குரலில் கீழ்க்குரல். "உனக்கு மந்தரத்தில்தான் குரல் நிற்கிறது" என்று வாத்தியார் அலுத்துக்கொள்வாரே, அதுவே இங்கே உத்தியோகம் ஆகிவிட்டது. சின்ன வயதில் ரேடியோவில் எம்.பி. சீனிவாசன் குழுவின் சேர்ந்திசை வந்தால் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு குரலைப் பிடித்துக்கொண்டு பாடுவோம், ஞாபகம் இருக்கிறதா? அதே ஆசைதான்.

ஆனால் எங்கள் கண்டக்டருக்கு (டிக்கெட் கிழிப்பவர் இல்லை, கையை வீசித் தாளம் காட்டுபவர்) என்னைக் கண்டால் தலைவலி. "வளைக்காமல் பாடுங்கள்" என்பதை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவார். காந்தாரம் என்ற சுரத்தில் கால் வைத்தால் அசைக்காமல் நிற்க எனக்கு எங்கே தெரியும்? சுரத்துக்குப் போகிற வழிதானே நமக்கு ராகம். அவருக்கோ வழி வேண்டாம், போய்ச் சேர்ந்தால் போதும். நாலு வரிசையும் நாலு சுரத்தில் ஒரே நொடியில் போய் நின்றால்தான் அந்தக் கட்டு கண்ணாடி மாதிரி ஒலிக்கும். ஒருத்தி வழியில் நின்று பூப்பறித்தால் மொத்தமும் கலங்கிவிடும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது, தொண்டைக்குத்தான் புரியவில்லை. ஆறு மாதம் வீட்டில் தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு, சரளி வரிசைக்கு வந்த முதல் நாள் குழந்தை போல ஒவ்வொரு சுரத்தையும் ஆணி அடித்தாற்போல நிறுத்திப் பாடினேன். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டார்.

பயணத்துக்காக எடுத்த பாட்டுகளில் முக்கியமானது 'மோ லி ஹுவா'. சீனர்கள் எல்லோருக்கும் தெரிந்த நாட்டுப்பாட்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பதக்கம் கொடுக்கும்போது இந்த மெட்டுத்தான் ஒலித்தது. இத்தாலிக்காரர் புச்சினி இதைத் தன் 'தூராந்தோத்' ஓபராவில் எடுத்துப் போட்டிருக்கிறார். அர்த்தம் என்ன தெரியுமா? மல்லிகைப் பூ! ஹுவா என்றால் பூ. அந்த 'மோலி' வடமொழி மல்லிகாவிலிருந்து போனதாம். இது தெரிந்த நாளிலிருந்து பாட்டு எனக்கு உறவாகிவிட்டது.

உச்சரிப்பில் ஒரு வேடிக்கை. மனிதனுக்கு அவர்கள் சொல்லும் சொல் அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கில எழுத்தில் 'ரென்' என்று எழுதியிருக்கும், ஆனால் ஒலி ர இல்லை. நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. 'ழென்' என்றேன், கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தார். தென்சீனப் பூர்வீகம் உள்ளவர்கள் பலருக்கு அது 'லென்' ஆகிவிடுகிறது. "இவரைக் கேட்டுப் பாடுங்கள்" என்று அவர்களிடம் என்னைக் காட்டினார். மூன்று வருஷத்தில் அவர் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

சரி, பயணத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து முப்பது நாள் வரை விசா வேண்டாம் என்பதால் அந்த அலைச்சல் மிச்சம். போனது ஃபுஜியான் மாநிலம், முதலில் ஷியாமென் நகரம். சிங்கப்பூர்ச் சீனர்களில் மிகப் பலருடைய தாத்தாக்கள் கப்பலேறிய கரை அது. எங்கள் டெனர் வரிசைப் (ஆண்குரலில் மேல்குரல்) பெரியவர் ஒருவர் டாக்ஸி டிரைவரிடம் அந்தப் பக்கத்துப் பேச்சான ஹொக்கியனில் பேச்சுக் கொடுத்தார். இறங்குவதற்குள் இருவரும் ஒரே கிராமத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுக்கத்தான் பெரியவருக்குத் தெரியவில்லை. அங்கே எல்லாம் போனில்தான், கையில் நோட்டு வைத்திருந்தால் நம்மை மியூசியப் பொருள் போலப் பார்க்கிறார்கள்.

ஃபெரியில் ஏறி குலாங்யூ தீவுக்குப் போனோம். பழைய வெள்ளைக்காரக் குடியிருப்பு, கார் கிடையாது, சைக்கிள்கூட விடமாட்டார்கள். பாதிரிமார்கள் கொண்டுவந்த பியானோவும் பிரார்த்தனைப் பாட்டும் அங்கே வேர்விட்டு, 'பியானோத் தீவு' என்ற பெயரே வந்துவிட்டது. பியானோக்களுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, ஆனால் எதையும் தொடக்கூடாது. விடுமுறைக் கூட்டம் நசுக்கியது. அழகான ஊர்தான், ஆனால் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டாயே. "வோ ச்சி சூ" (நான் சைவம்) என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நான்புத்தோ என்ற பௌத்தக் கோயிலிலேயே சைவ உணவகம் இருக்கிறது, அங்கே பிழைத்தேன். காலையில் வேர்க்கடலையைக் குழைய வேகவைத்துச் சர்க்கரை போட்டு ஒரு கஞ்சி தருகிறார்கள். நம்மூர்ப் பாயசத்தின் ஒன்றுவிட்ட தங்கை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.

கச்சேரி ஒரு கல்லூரி அரங்கில். அவர்கள் கொயரும் நாங்களும் தனித்தனியே பாடிவிட்டு, கடைசியில் சேர்ந்து மோ லி ஹுவா. ஒத்திகையில் அந்தப் பிள்ளைகளின் தாளை எட்டிப் பார்த்தேன். எங்களுக்குக் கொடுக்கும் ஐந்து கோட்டு இசைக்குறிப்பு அதில் இல்லை, வெறும் எண்கள்! 1 என்றால் ச, 2 என்றால் ரி, இப்படி 7 வரை. மேல்ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ்ஸ்தாயிக்குக் காலடியில் புள்ளி. அப்படியே நம் வாத்தியார் நோட்டு, வசந்தா! துரிதத்துக்கு நாம் மேலே கோடு போடுவோம், அவர்கள் கீழே போடுகிறார்கள், அவ்வளவுதான். மேல் மூலையில் சுருதி எத்தனை கட்டை என்பதும் குறித்திருக்கிறது. என் பக்கத்தில் நின்ற பெண்ணின் தாளைப் பார்த்து "ப ப த ஸ" என்கிற மாதிரி நான் முணுமுணுக்க, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இந்த அழகில், கச்சேரி நேரத்தில் மூக்குக் கண்ணாடியை ஹோட்டலிலேயே விட்டுவிட்டேன். கறுப்பு ஃபைலைத் திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மனப்பாடம்தானே என்று தைரியமாகப் பாடினேன். இரண்டு அடி வரை ஆணி அடித்த மாதிரிதான் இருந்தேன். கடைசி அடியில் ஆல்ட்டோ மட்டும் மெதுவாக இறங்கும் ஓரிடம், மல்லிகை என்ற சொல் வேறு. எனக்குத் தெரியாமலே வழுக்கிவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, அரைச் சுரம் அளவுக்கு ஓர் அசைவு. பக்கத்துப் பெண் ஓரக்கண்ணால் பார்த்தாள். கண்டக்டரின் இடதுகை ஒரு நொடி காற்றில் நின்றது. கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் சுவான்ஜோ. ஒரு காலத்தில் உலகத்துக் கப்பலெல்லாம் வந்து நின்ற துறைமுகம். நம்மவர்கள் அங்கே சிவன் கோயில் கட்டி 1281இல் தமிழில் கல்வெட்டு வெட்டிய கதையைப் படித்திருப்பாய். அந்தக் கோயில் இப்போது இல்லை. அதன் தூண்களில் இரண்டை கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள். பதினாறு பட்டைத் தூண்கள், ஒரு வட்டத்துக்குள் இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மர், இன்னொன்றில் கண்ணன். கைடு இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு எல்லோரையும் கல்கோபுரம் பார்க்க ஓட்டிப்போனார். நான் நின்றேன். பெருமிதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வெளியூர் பஸ் ஸ்டாண்டில் நம் தெருக்காரரைப் பார்த்தால் ஒரு திடுக் வருமே, அது. அப்புறம் அதே மண்டபத்தின் உள்ளே நிமிர்ந்து பார், உத்தரத்தைத் தாங்கிக்கொண்டு சிறகு முளைத்த பெண்கள் இருபத்துநாலு பேர், பலர் கையில் வாத்தியங்கள். "நம்மைவிட நல்ல கொயர்" என்றாள் பக்கத்து ஆல்ட்டோக்காரி.

அன்று சாயங்காலம் நான்யின் கேட்கப் போனோம். அந்தப் பக்கத்துப் பழைய இசை, 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சிறிய மேடை. நடுவில் பாடுகிற அம்மா, இருபுறமும் நாலு வாத்தியம். பிப்பா என்ற தந்தி வாத்தியத்தை மற்ற ஊர்களில் நிமிர்த்திப் பிடிப்பார்கள், இங்கே நம் வீணை மாதிரிப் படுக்கைவசம். ஒருவர் மூங்கில் குழலை நேராகப் பிடித்து ஊதினார். பாடும் அம்மாவின் கையிலேயே தாளம், ஐந்து மரத்துண்டு கோத்த கட்டை. ரொம்ப நேரத்துக்கு ஒருமுறை 'டொக்'. அந்த இரண்டு டொக்குக்கு நடுவில் ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டு அவர் போன போக்கு இருக்கிறதே! மேலே தொட்டு, சரிந்து, பாதியில் நின்று, திரும்பி வந்து... ஒரு சுரத்தையாவது நேராக விட்டாரா? இல்லை. மெதுவான விளம்ப காலத்தில் வாத்தியார் கண்ணை மூடிக்கொள்வாரே, எனக்கு அவர் நினைப்பு வந்துவிட்டது.

நான் மெல்லத் திரும்பி எங்கள் கண்டக்டரைப் பார்த்தேன். அவரும் கண்ணை மூடியிருந்தார். வெளியே வரும்போது விடவில்லை, "பார்த்தீர்களா, வளைக்கிறார்களே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் ஒருவர் பாடினார். முப்பத்தெட்டுப் பேரும் அதே மாதிரி, அதே நேரத்தில் வளைக்க முடியுமானால் எனக்கும் சம்மதம்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. நீ யோசித்துச் சொல்.

கடைசி நாள் காலை ஷுன்பூ என்ற மீனவர் கிராமம். சுவர்களில் சிப்பி ஓடுகளைப் பதித்துக் கட்டிய வீடுகள். அங்கே பெண்கள் தலை நிறையப் பூ வைக்கிறார்கள், வசந்தா! கிள்ளி ஒரு துண்டு இல்லை, கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாக. டூரிஸ்டுகளுக்கும் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான கடைகளில் பிளாஸ்டிக் பூ, இளம்பெண்கள் அதை வைத்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். நான் தேடிப்பிடித்து ஒரு பாட்டியிடம் உட்கார்ந்தேன். என் நரைத்த முடியைப் பின்னால் சுருட்டி, ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, நூலில் கோத்த மொட்டுச் சரத்தை எடுத்தார். வாசனை வந்ததுமே தெரிந்துவிட்டது. "மல்லி" என்றேன். பாட்டி கையை நிறுத்தி "மோலி" என்று திருத்தினார். "மல்லி" என்றேன் மறுபடியும். பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார், ஒரு சுற்று அதிகம் வைத்துவிட்டார். நாலு சுற்று! நம் கல்யாணங்களில்கூட அவ்வளவு வைத்ததில்லை. விமான நிலையச் சோதனையில் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வருஷக் கடைசி நிகழ்ச்சிக்குத் தமிழில் ஒரு பாட்டுக் கொடுங்கள் என்று கண்டக்டரே கேட்டிருக்கிறார். அதிகம் அசைவு இல்லாத ராகமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. மோகனம் சரிப்படும் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்? வாத்தியார் நோட்டு உன் பீரோவில்தானே இருக்கிறது? மோகனப் பக்கங்களைப் போட்டோ பிடித்து உன் பையனை அனுப்பச் சொல். மையழிந்த இடங்களை நீ பாடிப் பதிவு செய்து அனுப்பு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கூப்பிடுகிறேன். எந்தக் கால் என்று அதற்குள் எழுது.

அன்புடன்,
சாரதா