வெஸ்ட் பாயிண்ட் கோட்டை கைமாறவே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கப் படையிலிருந்து ஆங்கிலேயர் பக்கம் போன தளபதி பெனடிக்ட் ஆர்னால்டைக் 'கோழைத் தளபதி' என்றும், வெஸ்ட் பாயிண்ட் கோட்டையை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தவர் என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரே வரியில் இரண்டு பிழைகள். வரலாறு படித்த உங்களுக்கு இது தெரியாதிருக்காது என்பதால்தான் மனம் ஆறவில்லை.

முதலில் கோழை என்ற சொல். 1775 இலையுதிர்காலத்தில் மெய்ன் காடுகள் வழியாக, ஆங்கிலேயர் வசமிருந்த க்யூபெக் நகரை நோக்கி ஏறத்தாழ 1,100 பேரை நடத்திச் சென்றவர் ஆர்னால்ட். போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 600 பேர். டிசம்பர் 31 அன்று பனிப்புயலில் நடந்த தாக்குதலில் அவரது இடது காலில் குண்டு பாய்ந்தது. 1777 அக்டோபர் 7, சரடோகா போர்க்களம். மேலதிகாரி கேட்ஸுடன் பிணக்கு ஏற்பட்டு, படைப்பொறுப்பு பறிக்கப்பட்டிருந்தும் குதிரையேறிக் களத்துக்குப் போனார். அதே இடது கால் அன்று நொறுங்கியது. அந்தக் களத்தில் அவருக்கென்று ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அதில் ஒரு பூட்ஸ் செதுக்கப்பட்டிருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. அவர் செய்த துரோகத்தை மன்னிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. கோழை செய்யும் துரோகம் வேறு, வீரன் செய்யும் துரோகம் வேறு. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும்; உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை.

இனி கோட்டை. ஹட்சன் ஆறு வெஸ்ட் பாயிண்டில் கூர்மையாக வளைகிறது. அங்கே பாய்மரக் கப்பல் காற்றை இழந்து வேகம் குறைந்தே திரும்ப முடியும். அந்த இடத்தில்தான் 1778இல் ஆற்றுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டார்கள். ஒவ்வொரு கண்ணியும் இரண்டு அடிக்கு மேல் நீளம், நூறு பவுண்டுக்கு மேல் எடை. மரக்கட்டை மிதவைகள் மேல் அதைக் கிடத்தி, பனிக்கட்டி உடைத்துவிடாமல் குளிர்காலத்தில் எடுத்துவிடுவார்கள். 1780 ஆகஸ்டில் இந்தக் கோட்டைக்குத் தலைமையேற்ற ஆர்னால்ட், காவல்படையைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து வெளியே அனுப்பினார், விறகு வெட்டவும் ஆட்கள் போனார்கள். அரணில் இருந்த பழுதுகளைப் பார்த்தும் அப்படியே விட்டார். கோட்டையை ஒப்படைக்க ஆங்கிலேயரிடம் அவர் கேட்ட விலை 20,000 பவுண்டு.

திட்டம் ஏன் கெட்டது என்பதைத்தான் எழுதியிருக்க வேண்டும். செப்டம்பர் 21 இரவு ஆங்கிலேய மேஜர் ஆந்த்ரே 'வல்ச்சர்' என்ற கப்பலிலிருந்து இறங்கி ஆர்னால்டைச் சந்தித்தார். மறுநாள் காலை கரையிலிருந்து ஒரு பீரங்கி சுட, கப்பல் ஆற்றின் கீழ்ப்பக்கமாக நகர்ந்துவிட்டது. ஆந்த்ரே சீருடையைக் கழற்றிவிட்டு, ஜான் ஆண்டர்சன் என்ற பெயரில் ஆர்னால்ட் கொடுத்த அனுமதிச்சீட்டோடு தரைவழியே திரும்ப வேண்டியதாயிற்று. 23ஆம் தேதி டாரிடவுன் அருகே மூன்று நாட்டுப்படைக்காரர்கள் மறித்துக் காலுறைக்குள் இருந்த தாள்களை எடுத்தார்கள். படைவீரர் கணக்கு, பீரங்கி நிலைகள், அரண்களின் குறைகள் எல்லாம் அதில் இருந்தன. ஆந்த்ரேயைக் காவலில் வைத்த அமெரிக்க அதிகாரி தாள்களைத் தலைமைத் தளபதி வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு, செய்தியை ஆர்னால்டுக்கே அனுப்பினார்! அந்த ஒரு தவறால்தான் 25ஆம் தேதி ஆர்னால்ட் படகேறித் தப்பினார். அக்டோபர் 2 அன்று தூக்கில் தொங்கியவர் ஆந்த்ரே. கோட்டை கைமாறாததால் ஆர்னால்டுக்குக் கிடைத்தது ஆறாயிரத்துச் சொச்சம் பவுண்டும் பிரிகேடியர் ஜெனரல் பதவியும். மறு ஆண்டு செப்டம்பர் 6 அன்று, தான் பிறந்த நார்விச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நியூ லண்டன் நகரை எரித்தார். இதைக்கூட நீங்கள் போடவில்லை.

'பணத்தாசை' என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறீர்கள். 1777 பிப்ரவரியில் அவரை விட்டுவிட்டு, பதவியில் அவருக்கு இளையவர் ஐந்து பேரை மேஜர் ஜெனரலாக உயர்த்தியதும், ராணுவ நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 1780 ஏப்ரலில் வாஷிங்டனே கண்டித்ததும் எங்கே போயின?

போகட்டும் என்றால், 'அமெரிக்க எட்டப்பன்' என்று தலைப்பு வேறு. எட்டயபுரத்தார் கும்பினிக்கு உதவியவர்தான். ஆனால் அவர் கட்டபொம்மனின் தளபதியாக இருந்து கட்சி மாறியவர் அல்லர், பாஞ்சாலங்குறிச்சியோடு முன்பே பகை கொண்டவர். கட்டபொம்மன் பிடிபட்டதோ புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களிடம். முன்பு மீர் ஜாபர் பற்றி எழுதியபோது, பிளாசிப் போரில் வங்காள நவாபை எதிர்த்து வாள் வீசினான் என்று போட்டீர்கள். அன்று அவன் செய்ததெல்லாம் தன் படையை அசையாமல் நிறுத்தி வைத்ததுதான். அதற்கும் எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. உங்கள் பக்கத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்குக் குறிப்பெடுக்கிறார்கள், ஐயா.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும்: கோட்டை ஒப்படைக்கப்படவில்லை, 'கோழை' என்ற சொல் தவறு. கடைசிப் பக்க விளம்பரத்துக்கு அடியில் வேண்டாம், பிழை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்.