முரளிக்கு ஒரு கடிதம்: பத்து வருஷப் பிரியாணி பாக்கி

அன்புள்ள முரளி,

போன வாரம் டீக்கடையில் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் பிரான்ஸில் நடக்கிற லே மான்ஸ் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் 2015-இல் ஓடிய அந்த நிஸ்ஸான் வண்டியில் வந்து நின்றது. "முன்சக்கரத்தை நம்பி லே மான்ஸ் போனவன் மண்டையைத்தான் முதலில் சோதிக்கணும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு அது உறுத்த ஆரம்பித்துவிட்டது. நேரில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய் என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. நமக்குள் ஒரு பிரியாணிக் கணக்கு பாக்கி இருக்கிறது, அதற்குச் சாட்சி வேண்டும்.

2015 ஜூன் 13, சனிக்கிழமை. அங்கே பிற்பகல் மூன்று மணி, நமக்கு மாலை ஆறரை. உன் மாடி அறையில் லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். படம் திக்கித் திக்கி வந்ததால் பாதி நேரம் டைமிங் பட்டியலைத்தான் பார்த்தோம். நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் எல்எம்பி2 பிரிவில், அதாவது பெரிய கம்பெனிகள் மோதுகிற முதல் பிரிவுக்கு அடுத்த பிரிவில், மர்ஃபி அணிக்காக ஓட்டினார். அவர் எண் மேலே ஏறினால் ஒரு சத்தம், இறங்கினால் ஒரு சத்தம். ஆனால் நீ வேடிக்கை பார்க்க வந்தது அவரை அல்ல. 21, 22, 23 என்று நிஸ்ஸானின் மூன்று வண்டி எண்கள் பட்டியலின் அடியில் கிடந்தனவே, அவற்றை. "இதில் ஒன்றாவது நாளை சாயங்காலம் கொடிக்குக் கீழே கோட்டைத் தாண்டினால் உனக்குப் பிரியாணி" என்றாய். தாண்டாது என்ற தைரியம் உனக்கு.

அந்த வண்டி எதற்காக அப்படி இருந்தது என்பதை ஒரு தடவையாவது முழுசாகச் சொல்ல விடு. ஆடி, போர்ஷே, டொயோட்டா மூன்றும் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தன. நிஸ்ஸான் ஜிடி-ஆர் எல்எம் நிஸ்மோவை வரைந்த பென் பௌல்பி அதை மூக்குப் பக்கம் கொண்டுபோனார். 3 லிட்டர், இரட்டை டர்போ, வி6, எஞ்சின் செய்கிற காஸ்வொர்த் கம்பெனியோடு சேர்ந்து செய்தது. அதன் சக்தி போனதும் முன்சக்கரங்களுக்குத்தான். முன் டயர் 14 அங்குல அகலம், பின் டயர் 9 அங்குலம். மற்றவர்கள் வண்டியைத் திருப்பிப் போட்ட மாதிரி.

கிறுக்குத்தனம் போலத் தெரியும். ஆனால் பௌல்பி முதலில் பார்த்தது எஞ்சினை அல்ல, விதிப்புத்தகத்தை. வண்டியின் பின்பகுதியில் காற்றை வைத்து வித்தை காட்ட விதிகள் ஏகப்பட்ட கட்டுப்பாடு போட்டிருந்தன, முன்பகுதியில் அவ்வளவு இல்லை. சரி, வண்டியைத் தரையோடு அழுத்துகிற காற்றை முன்னாலேயே வாங்கிக்கொள்வோம், எடையையும் அங்கேயே வைப்போம், எடை இருக்கிற சக்கரமே இழுக்கட்டும் என்று யோசித்தார். எஞ்சின் முன்னால் போய்விட்டதால் ஓட்டுநரின் இரண்டு பக்கமும் இடம் காலியானது. அதில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் இரண்டு சுரங்கங்கள். முன்னால் நுழைகிற காற்று தடையில்லாமல் பின்னால் வெளியேறும். உன் பெண் அட்டையில் அந்த வண்டியைச் செய்து கொடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? முன்பக்க ஓட்டையில் ஈர்க்குச்சியை விட்டால் பின்பக்கம் வந்து எட்டிப் பார்க்கும். பத்து வயசுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பாவுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வடிவத்தில் பெட்ரோல் எஞ்சின் பாதிதான். மீதிப் பாதி ஹைபிரிட். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைச் சுழல் சக்கரத்தில் சேமித்து, வளைவு தாண்டியதும் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு. ஒரு சுற்றுக்கு 8 மெகாஜூல் சக்தி திருப்பிக் கொடுப்பது என்று கனவு கண்டார்கள். அந்த வருஷம் போர்ஷே ஓடியது 8-இல்தான். சோதனை ஓட்டங்களில் சுழல் சக்கரம் மக்கர் செய்ய, 8 என்பது 2 ஆயிற்று. கடைசியில் பந்தயத்தில் அது வேலையே செய்யவில்லை. போர்ஷேயும் ஆடியும் டொயோட்டாவும் மின்சாரத் துணையோடு பாய, இவர்கள் வெறும் பெட்ரோல் எஞ்சினோடு ஓடினார்கள்.

அதோடு போச்சா? வண்டியின் வேகத்தைக் குறைப்பதில் பெரும்பங்கை ஹைபிரிட் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுத்தான் பிரேக்குகளை வடிவமைத்திருந்தார்கள். அது இல்லாமல் போனதும் மொத்தச் சுமையும் பிரேக் தலையில் விழுந்து அவை கொதித்தன. சஸ்பென்ஷன் தாங்காது என்பதால் வளைவோரக் கட்டையில் ஏற வேண்டாம் என்றும் ஓட்டுநர்களுக்கு உத்தரவு. லே மான்ஸில் கட்டையில் ஏறாமல் நேரம் எடுப்பது எப்படி?

தகுதிச்சுற்று நேரத்தைப் பார். நீல் யானி போர்ஷேயில் 3 நிமிடம் 16.887 நொடி. நிஸ்ஸானில் வேகமானவர் ஹாரி டிங்க்னெல், 3 நிமிடம் 36.995. இருபது நொடி வித்தியாசம். முதலிடத்து நேரத்தில் 110 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது விதி, அரை நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் அதைத் தவறவிட்டார்கள். மூன்று வண்டிகளும் எல்எம்பி2 வண்டிகளுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. கார் கம்பெனியே நேரடியாக இறக்கிய அணிக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு. நீ அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

நான் கேட்பது இதுதான். அந்த வண்டி ஜூன் மாதம் அங்கே ஏன் ஓட வந்தது? பிப்ரவரி 1-ஆம் தேதி அமெரிக்காவின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில், உலகத்திலேயே விலை கூடிய விளம்பர நேரத்தில், அதை ஊருக்குக் காட்டிவிட்டார்கள். அப்போது வண்டி தயாராகவே இல்லை. ஏப்ரலில் சில்வர்ஸ்டோன் பந்தயத்துக்கு வரவில்லை, மே மாதம் ஸ்பா பந்தயத்துக்கும் வரவில்லை. அந்த வண்டி ஓடிய முதல் பந்தயமே லே மான்ஸ் 24 மணி நேரம். கல்யாணப் பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தபிறகு பெண் பார்க்கப் போன கதைதான். தேதியை விளம்பரக்காரர்கள் குறித்தார்கள், மாட்டிக்கொண்டவர்கள் பட்டறைக்காரர்கள். நீ பௌல்பியின் மண்டையைச் சோதிக்கச் சொல்கிறாய். நான் நாட்காட்டியைச் சோதிக்கச் சொல்கிறேன்.

பௌல்பி சும்மா ஆளும் இல்லை. 2012-இல் அவர் வரைந்து வந்த டெல்டாவிங் வண்டியை மறந்துவிட்டாயா? மூக்கு ஊசி மாதிரி ஒல்லி, பின்பக்கம் மட்டும் அகலம். இது திரும்பவே திரும்பாது என்று அப்போதும் சத்தியம் செய்தாய். திரும்பியது. நகாஜிமாவின் டொயோட்டா இடித்துத் தள்ளியதால்தான் லே மான்ஸில் அதன் ஓட்டம் நின்றது. அப்போது அதை ஓட்டிய சதோஷி மோதோயாமா செய்தது இருக்கிறதே, அது என் கண்ணைவிட்டுப் போகாது. பாதையோரத்தில் வண்டியை ஓட்டுநர் மட்டுமே தொடலாம் என்பது விதி. அணி ஆட்கள் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்று யோசனை சொல்ல, இவர் மட்டும் மண்டியிட்டு ஒன்றரை மணி நேரம் போராடினார். முடியவில்லை. கண்ணீரோடு நடந்தார். அதே வண்டி சில மாதங்கள் கழித்து அமெரிக்காவில் பெட்டி லே மான்ஸ் என்ற பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. அந்தச் செய்தியை உனக்கு அனுப்பினேன். நீ பதிலே போடவில்லை.

உன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முன்டயரே திருப்பணும், முன்டயரே இழுக்கணும், பிரேக்கின் பெரும்பாரமும் முன்டயர் மேலேயே என்றால் எந்த டயர்தான் தாங்கும்? வளைவிலிருந்து கிளம்பும்போது எடை பின்னால் சாயும், இழுக்க வேண்டிய சக்கரம் லேசாகும். ஹைபிரிட் முழுசாக வேலை செய்திருந்தாலும் போர்ஷேயைத் தொட்டிருக்குமா என்று கேட்டால், அந்த வருஷம் தொட்டிருக்காது. ஆனால் இருபது நொடி பின்தங்கியிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் பார்த்தது பௌல்பி வரைந்த வண்டியே இல்லை. அதில் பாதிதான் ஓடியது.

மீதிப் பாதியை யாரும் பார்க்கவே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். லே மான்ஸுக்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் வண்டி வரவில்லை. பௌல்பியை அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் மொத்தத் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். ஆஸ்டன் மார்ட்டின் கதையும் இதேதான். 2011-இல் ஏஎம்ஆர்-ஒன் என்று இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று 2 சுற்று, இன்னொன்று 4 சுற்று. அதோடு சரி. பேஜோ அப்படிச் செய்யவில்லை, பார்த்தாயா? 2022-இல் பின்னிறக்கை இல்லாமல் 9எக்ஸ்8-ஐ இறக்கினார்கள். நம்ம கூட்டம் மொத்தமும் கிண்டல் செய்தது, அதில் நானும் சேர்த்தி. அடுத்த வருஷம் மொன்ஸா பந்தயத்தில் மூன்றாவது இடம் பிடித்தார்கள். 2024-இல் வெட்கப்படாமல் இறக்கையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு யோசனை தப்பு என்று சொல்வதற்கும் அதை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

சரி, பிரியாணி. ஞாயிறு காலை 21 நின்றுபோனது, 115 சுற்று. 23 சாயங்காலம் வரை தாக்குப்பிடித்து, முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது நின்றது, 234 சுற்று. அப்போதே நீ எழுந்து சட்டையை மாட்ட ஆரம்பித்தாய். 22 மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. பழுது பார்க்கிற பிட்டுக்குள் போகும், மணிக்கணக்கில் வராது, வரும், இரண்டு சுற்று ஓடும், மறுபடி போகும். ஆறரை மணிக்குக் கொடி விழுந்தபோது அது பாதையில் இருந்தது, கோட்டைத் தாண்டியது. 242 சுற்று. ஜெயித்த போர்ஷே 395 சுற்று. அதில் 70 சதவீதம் வராத வண்டியை வகைப்படுத்த மாட்டார்கள் என்பதால் முடிவுப் பட்டியலில் அதற்கு இடம் எண் கிடையாது. உடனே நீ அதைப் பிடித்துக்கொண்டாய், "பட்டியலில் இல்லாத வண்டி வந்து சேராத வண்டி" என்று.

ஆனால் நீ சொன்ன வார்த்தை பட்டியல் இல்லை, முரளி. கோட்டைத் தாண்டினால் என்றாய். தாண்டியது. உன் ஸ்டூல் மேல், உன் லேப்டாப்பில், நாம் இரண்டு பேரும் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். மட்டன் பிரியாணி, இரண்டு முட்டை. பத்து வருஷ வட்டிக்கு ஒரு சுக்கா.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்